முதலில் சொன்னவர்

எங்கள் முதலாளி அண்ணன் காலையில் கம்பெனிக்கு வந்ததும் எங்கள் இணையதளத்தைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. மாரிச்செல்வத்தின் தளத்தைத்தான் திறப்பார். நேற்று இல்லாத எது இன்றைக்கு அதில் வந்திருக்கிறது என்று நின்றபடியே மேலிருந்து கீழ்வரை பார்ப்பார். ஒன்றும் புதிதாக இல்லையென்றால்தான் நாற்காலியில் உட்காருவார். ஏதாவது இருந்துவிட்டால் அன்றைக்கு எங்களுக்கு மதியச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது.

பட்டாசுக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது எங்கள் தொழில். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் இதெல்லாம் ஒரு தொழிலா என்பார்கள். சிவகாசிப் பக்கம் கடை வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு விலைப்பட்டியல் தளம் வேண்டும். கம்பிமத்தாப்பு, புஸ்வாணம், சரவெடி என்று பெட்டிப் பெட்டியாகப் படம். பக்கத்தில் ஒரு பெரிய விலை. அதை அடித்துவிட்டுக் கீழே ஒரு சின்ன விலை. நான் அந்தப் படங்களை வெட்டி ஒட்டுகிற வேலையில் இருந்தேன். எங்கள் அத்தா, அதாவது அப்பா, விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்தவர். "வத்தலக் கையில அள்ளி மூந்து பாத்து வாங்குன ஊரும்மா இது. நீங்க படத்தக் காட்டியே வெடிய விக்கிறீங்க" என்று கேலி செய்வார்.

சீசன் வந்தால் அண்ணனின் குணம் முழுதாக வெளியே வந்துவிடும். மாரிச்செல்வம் தளம் செய்து கொடுத்த கடைகளை, இணைய வரைபடத்தில் 'மூடப்பட்டுவிட்டது' என்று ஆட்களை விட்டுப் புகார் கொடுக்கச் சொல்வார். அவன் போடும் விளம்பரங்களைச் சும்மா தட்டித் தட்டியே அவன் காசைத் தீர்ப்பதற்கு ஒரு வாலிபர் பட்டாளம் வைத்திருந்தார். வெடிபொருள் விற்கிறார்கள் என்று ஒருமுறை ஆங்கிலத்தில் மொட்டைக் கடிதம் எழுதி அவனுடைய தளங்களை ஒரு வாரம் முடக்கவும் செய்தார். நாங்களும் அதையேதான் விற்றுக்கொண்டிருந்தோம் என்பது அவர் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. "நம்ம ஆர்டர் கூடிருச்சாண்ணே?" என்று கேட்டேன். "அவனுக்குக் கொறஞ்சிருச்சும்மா" என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

இந்த மாரிச்செல்வம் வேறு யாருமில்லை, அண்ணனோடு சேர்ந்து இந்தக் கம்பெனியை ஆரம்பித்தவன்தான். இரண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவர்கள். விருதுநகர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில், ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தொடங்கினார்களாம். விசிட்டிங் கார்டு அடிக்கிறபோதுதான் வினை வந்தது. யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று ஒரு பேச்சு. அச்சகக்காரர் பொறுக்க முடியாமல், "பக்கத்துல பக்கத்துல போட்டுருவோமாப்பா" என்றிருக்கிறார். அப்படிப் போட்டாலும் இடது பக்கம் யார் என்று அண்ணன் கேட்டிருக்கிறார். அத்தோடு முடிந்தது. மாரிச்செல்வம் எழுந்துபோய் அடுத்த தெருவில் கடை போட்டான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவரை ஒரு கெட்ட மனிதர் என்று யாராவது முடிவு கட்டினால் எனக்குக் கோபம் வரும். எங்கள் அத்தாவுக்கு மதுரையில் நெஞ்சு ஆபரேஷன் நடந்தபோது என் சொந்த அண்ணன்மார்கள் வந்து சேர்வதற்கு முன்னால் அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். ரத்தம் கொடுக்க ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். "ஒங்க ஆளுக யாரும் இன்னும் வரலையா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்று நான் சொன்னதும் லேசாகச் சிரித்தார். எதிலும் முந்திக்கொள்ள வேண்டும் அவருக்கு. அது நல்லதா கெட்டதா என்பது, எதில் முந்துகிறார் என்பதைப் பொறுத்தது.

அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் அவருடைய அக்கா. நாங்கள் பெரியக்கா என்போம். சாத்தூர் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போனவர்கள். பெரியக்கா சின்ன வயதிலேயே பட்டாசு ஆலைக்குப் போய், கல்யாணமும் கட்டாமல், தம்பியைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தது. எப்போதாவது கம்பெனிக்கு வரும். வெடிமருந்து படிந்து படிந்து விரல் இடுக்கெல்லாம் ஈயம் பூசியது போல இருக்கும். அந்தக் கையால் எனக்குக் கருப்பட்டி மிட்டாய் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்கும்.

"மாரி எப்படி இருக்கான் தாயி? பாத்தீகளா?"

"இங்கன அந்தப் பேரச் சொல்லாதீங்கக்கா. அண்ணே காதுல விழுந்துரும்."

"விழட்டுமே. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான ஒலையில அரிசி போட்டேன். அவனுக்கு ரசம் இல்லாம எறங்காது, இவனுக்கு ரசம் ஆகாது. ரெண்டு பேரும் எம்புட்டுச் சண்ட போட்டாலும் ஒரு சட்டிச் சோறுதான தின்னானுக."

அண்ணன் உள்ளே வந்தால் பேச்சை மாற்றிவிடும். தம்பி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து அதற்குப் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. "இவன் எங்க போறதுக்காக இப்பிடி ஓடுதான்னு தெரிஞ்சாக் கூட நான் வழிய விட்டுருவேன் தாயி. அவனுக்கே தெரியல" என்று ஒருநாள் சொன்னது.

எங்கள் பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் 'என்ன' என்று கேட்பதில்லை. 'எங்கன' என்றுதான் கேட்பார்கள். வீட்டுக்கு ஒரு ஆளாவது ஆலைக்குப் போயிருக்கும். எந்த ஆலை என்று தெரிகிறவரை வீட்டில் இருப்பவர்களுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அதற்காகத்தான் அண்ணன் ஒரு வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தார். ஆலைகளுக்குப் பக்கத்து டீக்கடைக்காரர்கள், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்கள், போர்மேன்கள் என்று ஆள் பிடித்து வைத்திருந்தார். சத்தம் அடங்குவதற்குள் எந்தக் கம்பெனி என்று அதில் வந்துவிடும். எத்தனையோ பேர் வயிற்றில் அன்றைக்குப் பாலை வார்த்த குழு அது. நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தார், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

குழு நிரம்பியது. இரண்டாவது குழு, மூன்றாவது குழு என்று கிளை விட்டது. மாரிச்செல்வமும் ஒன்று ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அது செய்தியாக இல்லை, பந்தயம் ஆகிவிட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்வதில் ஆரம்பித்து, எத்தனை பேர், யார் யார் என்று போனது. மாரிச்செல்வம் ஒரு பெயரைப் போடுவதற்கு முன் அந்த வீட்டுக்கு யாரையாவது அனுப்புவான், இல்லையென்றால் போன் போட்டுப் பேசுவான். அதனால் பெரும்பாலும் பிந்துவான். அண்ணனுக்கு அதில் கேலி. "மொதல்ல சொல்லுதவன் சொல்லுததுதாம்மா செய்தி. பின்னால சொல்லுதவன் கூட்டத்துல நின்னு கூவுதவன்" என்பார். அந்தச் செய்திகளை மட்டும் எங்கள் யாரையும் அடிக்க விடமாட்டார். தானே தட்டச்சு செய்து, தானே அனுப்பி, அடுத்த நொடி மாரிச்செல்வத்தின் குழுவைத் திறந்து பார்ப்பார்.

இத்தனை கிராமத்து ஆட்கள் ஒருவர் கைப்பிடிக்குள் இருக்கிறார்கள் என்றால் கட்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? மாவட்டம் தேடி வந்துவிட்டார். மாவட்டம் என்றால் கட்சியின் மாவட்டச் செயலாளர். எங்கள் ஊரில் பதவியையே பெயராக்கி அப்படித்தான் கூப்பிடுவார்கள். அண்ணனுக்கு ஐ.டி. அணியில் பொறுப்புக் கிடைத்தது. எதிர்க் கட்சி சும்மா இருக்குமா, மாரிச்செல்வத்தைக் கூட்டிக்கொண்டு போய் அதே பொறுப்பைக் கொடுத்தது. கம்பெனி சூலக்கரைக்கு, கலெக்டர் ஆபீஸ் பக்கமாக இடம் மாறியது. அடுத்து ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் அண்ணன் நிற்பதாகப் பேச்சு. எதிரே யார் நிற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் குழுவில் வந்த ஒவ்வொரு துக்கச் செய்திக்குக் கீழும் ஒரு படம் வந்தது. கட்சித் தலைவர், மாவட்டம், இவர்களுக்குக் கீழே கைகூப்பிய அண்ணன். அந்தப் படத்தை மாற்றச் சொல்லியே என்னைப் பாடாய்ப் படுத்தினார். முகத்தில் சிரிப்பும் இருக்கக் கூடாதாம், அழுத மூஞ்சியாகவும் இருக்கக் கூடாதாம். துக்கச் செய்திக்குக் கீழே இது வேண்டாமே என்று ஒருநாள் சொன்னேன். "அவனும் போடுதாம்மா" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

தேர்தல் பேச்சு வந்ததும் அவர் செய்த முதல் காரியம் பெரியக்காவை வேலையை விட்டு நிறுத்தியது. கம்பெனிக்கே வரச்சொல்லி எங்கள் முன்னால் வைத்துத்தான் சொன்னார்.

"நாளைக்கு மேடையில ஏறுனா, அக்காவ மருந்து அள்ள விட்டுட்டு இவன் ஓட்டுக் கேக்க வந்துட்டான்னு மாரி பேசுவான். இனிமே நீ போவாத."

"மாரி அப்பிடிப் பேசமாட்டாம்லே."

"ஒனக்கு அரசியல் தெரியாதுக்கா. போவாதன்னா போவாத."

"சரிப்பா. வீட்லயே இருக்கேன். கைதான் சும்மா இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அது கம்பெனிக்கு வந்தபோது விரல்கள் வெளுத்திருந்தன. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உயிருக்குப் பயமில்லாத வாழ்க்கை அதற்கும் கொஞ்ச நாள் கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

அண்ணன் இப்போது இந்தத் தொழிலில் இல்லை. கட்சியில் இல்லை. குழுக்களைக் கலைத்துவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ மில்லில் கணினி வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். போன் போட்டால் எடுக்கமாட்டார். அவர் போனதற்கு ஊரில் பல காரணம் பேசுகிறார்கள். சீட் கிடைக்காத கோபம் என்று ஒரு பேச்சு. மாரிச்செல்வம் துரத்திவிட்டான் என்று ஒரு பேச்சு. எல்லாம் முடிந்துபோன அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்றவள் நான்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. சாத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆலையில் செட்டு என்கிற தனி வேலை அறை ஒன்று வெடித்துவிட்டது, உள்ளே தனியாக வேலை பார்த்த ஒரு பொம்பளை போய்விட்டது, ஆள் அடையாளம் தெரியவில்லை என்று ஒரு லோடு ஆட்டோக்காரர் சொன்னார். போர்மேனுக்கும் தீக்காயம், அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அண்ணன் கம்பெனிப் பெயரை உடனே போட்டுவிட்டார். அடுத்து ஆள் பெயர் வேண்டும்.

ஆலைகளில் மதியச் சோற்றைச் செட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வெளியே மரத்தடியில் தூக்குவாளிகளை வரிசையாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். விபத்து நடந்ததும் எல்லாப் பெண்களையும் வெளியேற்றியிருக்கிறார்கள். அவரவர் வாளியை அவரவர் எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்கள். ஒரு வாளி மட்டும் எடுக்க ஆளில்லாமல் மரத்தடியில் இருந்திருக்கிறது. ஆட்டோக்காரர் அதைப் படம் எடுத்து அனுப்பினார். மூடியில் 'பேச்சியம்மாள்' என்று பெயர் வெட்டியிருந்தது.

பேச்சியம்மாள் பெரியக்காவின் பக்கத்து வீடு. புருஷன் இல்லை, கையில் போனும் இல்லை. மகளைக் காரியாபட்டியில் கட்டிக்கொடுத்திருந்தது, மகன் திருப்பூரில். அந்தத் தெருவிலிருந்து அந்த ஆலைக்குப் போகிறது அது ஒன்றுதான்.

"அண்ணே, பாத்திரத்துல உள்ள பேர வச்சுப் போடலாமா?" என்றேன். "எங்க வீட்டுச் சட்டி பானையில பாதிக்கு எங்க மாமி பேருதான் வெட்டியிருக்கு. ஒரு வார்த்த அந்தத் தெருவுல யார்ட்டயாவது கேட்டுட்டு..."

"எங்க அக்கா வீட்டுக்கு அடுத்த வீடும்மா. எனக்குத் தெரியாத பேச்சியம்மாளா?"

"பெரியக்காகிட்டயாவது கேளுங்க."

அவர் பெரியக்காவுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. "எங்கயாச்சும் வச்சுட்டு வெறகு பொறுக்கப் போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே செய்தியை அடித்து அனுப்பினார். கீழே கைகூப்பிய படம். பிறகு மாரிச்செல்வத்தின் குழுவைத் திறந்தார். அங்கே கம்பெனிப் பெயர் மட்டும்தான் இருந்தது. "இன்னும் போடல" என்றார்.

மாவட்டத்துக்குச் சொல்லி, அவர் மாலையோடு கிளம்பி, நாங்கள் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. திருப்பூரிலிருந்து மகன் போனில் அலறிக்கொண்டிருந்ததை யாரோ ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள், கேட்கச் சகிக்கவில்லை. பேச்சியம்மாளின் ரேஷன் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஒரு நாற்காலியில் வைத்திருந்தார்கள். பெரியக்காவின் வீடு பூட்டிக் கிடந்தது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் செம்பு வேண்டுமென்று அண்ணன் மறுபடி அதற்குப் போன் போட்டார். பூட்டிய வீட்டுக்குள் மணி அடித்தது எனக்கு நன்றாகக் கேட்டது. "போன வீட்லயே போட்டுட்டு எங்க போச்சு இது?" என்று எரிச்சல்பட்டார். அதற்குள் மாவட்டம் மாலையைப் படத்துக்குப் போட, அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். என்னைப் பார்த்துப் படம் எடுக்கும்படி கண்ணைக் காட்டினார்.

மாவட்டத்தின் கார் போன பிறகுதான் மாரிச்செல்வம் வந்தான். கொடி இல்லாத பைக்கில், தனியாக. தெரு முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தான். எதிர்க் கட்சிக்காரன் மாலையில்லாமல் வருகிறானே என்று கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. அவன் நேராக வந்து அண்ணனின் கையைப் பிடித்தான். பேசியே பல வருஷம் ஆன இரண்டு பேர்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க. ஒரு வார்த்த."

"எதுனாலும் இங்கனயே சொல்லுலே."

"பேச்சியம்மா உசுரோட இருக்கு. காரியாபட்டியில, மகளோட ஆஸ்பத்திரியில இருக்கு. நான் நேர்ல பேசிட்டு வாரேன்."

அண்ணனின் முகம் கறுத்தது. செய்தி தப்பாகிவிட்டது, அது இவன் கையில் சிக்கிவிட்டது, இதுதான் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"குழுவுல போட்டுட்டியா?"

"போடலண்ணே."

"பெறகு எதுக்குலே இங்க வந்த?"

மாரிச்செல்வம் கையை விடவில்லை. "மகளுக்கு விடியக்கால வலி எடுத்துருச்சாம். ஆள் வரலன்னா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாகன்னு, இன்னைக்கு ஒரு நாள் எனக்குப் பதிலாப் போயிரு மதினின்னு கேட்டுருக்கு. பொங்குன சோறு வீணாப் போகுமேன்னு வாளியோடயே குடுத்துட்டுப் போயிருக்கு. தம்பிக்குத் தெரிஞ்சா வையுவான், யார்ட்டயும் சொல்லாதன்னு சொல்லிட்டுப் போச்சாம்ணே... பெரியக்கா."

அவன் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. நான் கத்தினேனா, இல்லையா என்று இப்போதும் தெரியவில்லை. அண்ணன் அப்படியே நின்றார். அவர் கண் மாரிச்செல்வத்தின் முகத்திலேயே இருந்தது. அழுவார், அடிப்பார், ஆலைக்கு ஓடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்.

"இது ஒனக்கு எப்பலே தெரியும்?"

இந்த நேரத்தில் இப்படிக் கேட்க ஒரு மனிதனுக்கு வாய் வருமா என்று ஒரு கிழவி முணுமுணுத்தது. அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த இரக்கம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. வேறு கேள்வி கேட்கவே பழகாத வாய் அது.

காரியாபட்டியிலிருந்து அந்த ஊருக்குப் பைக்கில் வர எவ்வளவு நேரமாகும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு நேரமும் மாரிச்செல்வம் அந்தச் செய்தியைச் சட்டைப்பையில் போனோடு போனாக வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அவன் குழு அத்தனையும் பேரைக் கேட்டுக் காத்திருந்திருக்கும்.

"இப்பத்தாண்ணே தெரியும்" என்றான் மாரிச்செல்வம். "யாருக்கும் சொல்லல. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுதேன்."

அண்ணன் சரி என்பது போலத் தலையை ஆட்டினார். பிறகு அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.